குழந்தையின் கவனம் எங்கே நிற்கிறது

குழந்தைகளுக்கான கணக்கு விளையாட்டுகளை வடிவமைப்பது என் தொழில். திரையில் ஓடுவதானாலும் அட்டையில் ஆடுவதானாலும், ஒரு விளையாட்டு தேறியதா என்று கேட்பவர்கள் முதலில் பார்ப்பது நேரக் கணக்கைத்தான். பிள்ளை ஒருமுறை உட்கார்ந்தால் எத்தனை நிமிடம் ஆடுகிறது, மறுநாள் திரும்ப வருகிறதா, ஏழாம் நாளும் வருகிறதா, முப்பதாம் நாள் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள். பணம் போட்டவருக்கும் பள்ளி நிர்வாகிக்கும் பெற்றோருக்கும் சட்டென்று புரிகிற கணக்கு இது. செயலியே தானாகக் குறித்துவைத்துக் கொடுத்துவிடுவதால் செலவில்லாமல் கிடைக்கிற கணக்கும்கூட. சாப்பிடக் கூப்பிட்டாலும் நிமிராமல் ஆடுகிறது என்றால் குழந்தை கற்றுக்கொண்டிருக்கிறது என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். இந்தத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது வேறு. லயிப்பு என்பது ஒரு விசை. எந்த வேலையோடு அது சேர்ந்திருக்கிறதோ அந்த வேலையை மனத்தில் பதிக்கும். வேலை பின்னமாக இருந்தால் பின்னம் பதியும், காசு பொறுக்குவதாக இருந்தால் காசு பொறுக்குவது பதியும். ஆகவே ஒரு கற்றல் விளையாட்டைப் பற்றி முதலில் கேட்கவேண்டியது இதுதான்: குழந்தை தன்னை மறந்திருக்கும் நிமிடத்தில் அதன் மனம் எந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது?

தன்னை மறந்த இந்த நிலைக்கு 'ஃப்ளோ' என்று பெயர் வைத்தவர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி. 1960களில் சிகாகோவில் ஓவிய மாணவர்களைக் கவனித்தபோது அவருக்கு ஒரு விஷயம் புதிராக இருந்தது. பசியும் களைப்பும் தெரியாமல் வரைகிறவர்கள், படம் முடிந்ததும் அதை ஓரமாகச் சாத்திவிட்டு அடுத்ததைத் தொடங்கிவிடுகிறார்கள். வரைவதற்காகவே வரைகிறார்கள். பிறகு மலையேறுபவர்கள், சதுரங்கம் ஆடுபவர்கள், நடனமாடுபவர்கள், அறுவை மருத்துவர்கள் எனப் பலரையும் ஆராய்ந்து 1975இல் நூலாக்கினார். செய்யவேண்டியது தெளிவாக இருக்கவேண்டும், செய்தது சரியா தப்பா என்பது உடனே தெரியவேண்டும், வேலையின் கடினம் செய்பவரின் திறமைக்கு ஈடாக இருக்கவேண்டும். திறமை மிஞ்சினால் சலிப்பு, கடினம் மிஞ்சினால் பதற்றம். டெட்ரிஸ் ஆடியவர்களுக்கு இது விளக்காமலே புரியும். ஜெனோவா சென் 2006இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் தன் முதுகலை ஆய்வுக்காக இந்தக் கொள்கையையே ஒரு விளையாட்டாகச் செய்து அதற்கு 'ஃப்ளோ' என்றே பெயரிட்டார். எங்கள் தொழிலில் வேலைக்குச் சேர்பவர்கள் முதல் வாரமே பார்க்கும் வரைபடமும் சலிப்புக்கும் பதற்றத்துக்கும் நடுவே சாய்வாக ஏறும் அந்தப் பாதைதான். அதில் ஒன்று மட்டும் விட்டுப்போகிறது. அந்த அறுவை மருத்துவரும் மலையேறுபவரும் ஏற்கெனவே கைதேர்ந்தவர்கள். இருக்கிற திறமையை முழுதாகச் செலவழிக்கையில் வரும் இன்பம் அவர்களுடையது. அந்த நிலையிலேயே நீடிக்கச் சவாலைக் கூட்டிக்கொண்டே போகவேண்டும், அதனால் திறமையும் வளரும் என்று சிக்சென்ட்மிஹாயி சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தத் திறமை வளரும் என்பதைக் கொள்கை சொல்லாது. கையில் இருக்கும் வேலைதான் அதைத் தீர்மானிக்கிறது.

இதற்குக் கடுமையான சான்று லாஸ் வேகாஸின் சூதாட்டக் கூடங்களில் கிடைக்கிறது. மானிடவியலாளர் நடாஷா டௌ ஷுல் அங்கே பல ஆண்டுகள் கள ஆய்வு செய்து, காசு போட்டு ஆடும் இயந்திரங்களைப் பற்றி 2012இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் பேசும் ஆட்டக்காரர்கள் ஜெயிப்பதற்காக ஆடுவதாகச் சொல்லவில்லை. ஆடிக்கொண்டே இருப்பதற்காக ஆடுகிறார்கள். நேரம் தெரியாது, உடம்பு தெரியாது, பக்கத்தில் நடப்பது தெரியாது. பெரிய பரிசு விழுந்தால்கூட ஆட்டம் தடைபடுகிறதே என்று எரிச்சல்படுகிறவர்கள் அவர்களில் உண்டு. தெளிவான செயல், உடனடிப் பதில், இடைவெளி இல்லாத தொடர்ச்சி என எல்லாம் அங்கே இருக்கிறது, வளர்வதற்கான திறமை ஒன்றைத் தவிர. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் இன்னொன்றைக் காட்டினார்கள். பல வரிசைகளில் பந்தயம் கட்டும் இயந்திரத்தில், கட்டியதைவிடக் குறைவாகத் திரும்பி வந்தாலும் விளக்கு எரிந்து மணி அடிக்கும். நடந்தது நஷ்டம். ஆனால் ஆடுபவரின் உடம்பு அதற்கு வெற்றிக்குக் கிளர்வதுபோலவே கிளர்கிறது. பத்து ஆண்டு அந்த இயந்திரத்தின் முன் மூழ்கிக் கிடந்தவருக்கும் நேற்று வந்தவருக்கும் திறமையில் வித்தியாசமில்லை. குழந்தைகளின் செயலியைச் சூதாட்ட இயந்திரத்தோடு சேர்த்துப் பேசுவது நியாயமா என்று சக வடிவமைப்பாளர்கள் கேட்பார்கள். நோக்கம் வேறு என்பது எனக்கும் தெரியும். நான் இந்தச் சான்றிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்று: மூழ்கியிருத்தல் மட்டும் கற்றலுக்குச் சாட்சியாக நிற்காது. அந்த நிமிடங்களைக் காட்டிப் பள்ளிகளிடம் விற்கிறோம் என்பதால் இதை நாம்தான் உரக்கச் சொல்லவேண்டும்.

இப்போது நட்சத்திரங்களுக்கும் காசுகளுக்கும் வருகிறேன். 1973இல் மார்க் லெப்பரும் டேவிட் கிரீனும் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மழலையர் பள்ளியில் செய்த சோதனை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கவேண்டியது. வண்ணப் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பகுதியினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முதலிலேயே சொன்னார்கள். இன்னொரு பகுதியினருக்குச் சொல்லாமல் வைத்திருந்து கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாம் பகுதியினருக்குப் பரிசே இல்லை. ஓரிரு வாரம் கழித்து, யாரும் கேட்காத நேரத்தில் யார் யார் பேனாவை எடுக்கிறார்கள் என்று பார்த்தபோது, பரிசுக்குப் பேசிக்கொண்டு வரைந்தவர்கள் அதில் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறையப் பாதிதான். எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. ஆகக் கெடுத்தது பரிசு அல்ல, பேரம். பேரம் பேசியவுடன் குழந்தையின் கவனம் வண்ணத்தை விட்டுச் சான்றிதழுக்குப் போய்விடுகிறது. இன்று மொழிச் செயலிகளில் பெரியவர்களுக்கே இது நடக்கிறது. விடாமல் வந்த நாட்களின் எண்ணிக்கை அறுந்துவிடக் கூடாதென்று இரவு பதினொன்றே முக்காலுக்குச் செயலியைத் திறந்து, இருப்பதிலேயே சுலபமான, ஏற்கெனவே தெரிந்த பாடத்தை முடித்துவிட்டுப் படுக்கிறார்கள். அந்த ஐந்து நிமிடமும் லயிப்புக் கணக்கில்தான் சேரும்.

கவனம் எங்கே நிற்கிறது என்பதை நேரடியாகவே சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வு இருக்கிறது. பிரிட்டனில் ஜேக்கப் ஹப்குடும் ஷாரன் எய்ன்ஸ்வொர்த்தும் 2011இல் வெளியிட்டது. வகுத்தல் கற்றுத்தர எலும்புக்கூடுகளோடு சண்டைபோடும் ஒரு விளையாட்டைச் செய்தார்கள். எலும்புக்கூட்டின் மார்பில் ஓர் எண் இருக்கும். வீரனிடம் உள்ள ஒவ்வொரு தாக்குதலும் ஒரு வகு எண். எண் மீதியில்லாமல் வகுபட்டால் எலும்புக்கூடு விழும், இல்லாவிட்டால் அது திருப்பி அடிக்கும். இன்னொரு வடிவத்தில் எல்லாம் அதேதான், ஆனால் மார்பில் எண் கிடையாது. எந்தத் தாக்குதல் என்பதை ஓர் அடையாளம் காட்டிவிடும், கணக்குகள் அதே அளவில் ஒவ்வொரு லெவலின் முடிவிலும் வினாவாக வரும். இரண்டு வடிவங்களையும் பிள்ளைகள் ஒரே அளவு நேரம் ஆடினார்கள். சண்டைக்குள்ளேயே வகுத்தல் இருந்த வடிவத்தை ஆடியவர்கள் கூடுதலாகக் கற்றார்கள். இரண்டில் எதை வேண்டுமானாலும் ஆடலாம் என்று விட்டபோது அந்த வடிவத்தில் ஏழு மடங்கு நேரம் செலவிட்டார்கள். இந்த இரண்டாவது செய்திதான் எனக்கு முக்கியம். பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு வேடிக்கையைக் கூட்டினால் குழந்தை அதிகம் ஒட்டும் என்ற எங்கள் தொழிலின் பழைய நம்பிக்கைக்கு நேர் எதிரான செய்தி அது. லெவல் முடிவில் வினா வைத்த விளையாட்டில் கணக்கு ஒரு சுங்கச்சாவடியாக நிற்கிறது. குழந்தை அதில் கட்டவேண்டியதைக் கட்டிவிட்டு வேகமாகக் கடக்கவே பார்க்கும், ஏனென்றால் அதற்கு வேண்டிய ஊர் அதைத் தாண்டி இருக்கிறது. சண்டைக்குள்ளே வகுத்தலை வைத்தால் ஊரே அதுதான்.

இது புதிய கண்டுபிடிப்பு என்று நாம் பெருமைப்படத் தேவையில்லை. பல்லாங்குழியில் பக்கத்துக்கு ஏழு குழி. எந்தக் குழியிலிருந்து எடுத்தால் கடைசிக் காய் எங்கே விழும், அதற்கடுத்த குழியில் எத்தனை இருக்கும், அது வெற்றுக்குழியாக இருந்தால் அதைத் தாண்டி எத்தனை அள்ளலாம் என்று கணக்குப் போடாமல் நன்றாக ஆட முடியாது. எண்ணுவதுதான் ஆட்டம். எண்ணியதற்குப் பரிசாக ஆட்டம் வரவில்லை. தாமஸ் மலோன் 1980இல் தன் முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கணினி விளையாட்டுகளில் ஒன்றில், நிமிர்ந்து நிற்கும் எண்கோட்டில் பலூன்கள் இருக்கும். பலூன் நிற்கும் இடத்தைக் குழந்தை பின்னமாகத் தட்டச்சு செய்தால் அந்த இடத்துக்கு ஓர் அம்பு பறக்கும். தவறினால் அம்பு அங்கேயே குத்தி நிற்கும். அந்த அம்பில் ஒரு தொழில் நுட்பம் முழுதாக அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். தப்பு என்று அது சொல்வதில்லை, எவ்வளவு தப்பு, எந்தப் பக்கம் தப்பு என்று காட்டுகிறது. எட்டு நான்கைவிடப் பெரிது, ஆகவே எட்டில் ஒன்று நான்கில் ஒன்றைவிடப் பெரிது என்று நம்பும் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. அந்தப் பிள்ளைக்குச் சிவப்புக் குறியும் 'டொய்ங்' என்ற ஒலியும் எதையும் சொல்லித் தராது. அம்பு பலூனுக்குக் கீழே போய்க் குத்துவதைப் பார்த்தால், ஏன் கீழே போனது என்று அதன் மனம் கேட்கும். அந்தக் கேள்வி பின்னத்தைப் பற்றியது. அடுத்த அம்பை எய்யும் ஆசையும் அந்தக் கேள்விக்கு விடை தேடும் ஆசையும் ஒன்றாகிவிடும்போது வடிவமைப்பாளருக்கு வேறு எதையும் சேர்க்கவேண்டியதில்லை.

எல்லாப் பாடத்துக்குள்ளும் ஆட்டம் ஒளிந்திருக்காது என்பது எனக்கு வரும் முதல் மறுப்பு. வாய்ப்பாடு இருக்கிறது, வேதியியல் குறியீடுகள் இருக்கின்றன, ஆங்கிலத்தின் ஒழுங்கற்ற வினைச்சொற்கள் இருக்கின்றன. திரும்பத் திரும்பச் சொல்லித்தான் தீரவேண்டும், அதற்குக் காசும் நட்சத்திரமும் இல்லாமல் பிள்ளை உட்காராது என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் கோஸ்ட்னர், ரிச்சர்ட் ரயன் மூவரும் 1999இல் 128 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். முன்கூட்டிப் பேசிய பொருட்பரிசு ஆர்வத்தைக் கெடுப்பது, ஆர்வம் ஏற்கெனவே இருக்கும் வேலையில்தான். சலிப்பூட்டும் வேலையில் கெடுப்பதற்கு ஒன்றும் இல்லை. 'இதை நன்றாகச் செய்தாய்' என்ற சொல்லுக்கோ எதிர்த்திசையில் பலன் இருந்தது. ஆகவே வாய்ப்பாட்டுப் பயிற்சியில் நட்சத்திரம் வைப்பதை நான் எதிர்க்கமாட்டேன். வாசலில் வைக்கலாம், உள்ளே வந்தபின் மெல்ல எடுத்துவிடவேண்டும், முன்கூட்டி வாக்குக் கொடுக்காமல் கொடுக்கவேண்டும். ஆனால் சலிப்பான பாடம் என்று முத்திரை குத்துவதற்கு முன்னால் வடிவமைப்பாளர் இன்னும் கொஞ்சம் உழைக்கவேண்டும் என்பது என் கட்சி. பன்னிரண்டு புளியங்கொட்டைகளை எத்தனை விதமாகச் செவ்வகமாக அடுக்கலாம், பதின்மூன்றை ஏன் அப்படி அடுக்க முடியவில்லை என்று கேட்டால் வாய்ப்பாட்டுக்குள்ளேயே ஆட்டம் தொடங்கிவிடுகிறது. பதின்மூன்றோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டிய குழந்தைக்குப் பகா எண் என்று யாரும் இலக்கணம் சொல்லவேண்டியிருக்காது.

இதைவிடக் கனமான மறுப்பு கல்வி உளவியல் பக்கமிருந்து வருகிறது. உண்மையான கற்றல் சுகமாக இருக்காது, லயிப்பு வந்தாலே கற்றல் நின்றுவிட்டது என்று பொருள் என்பது அதன் சாரம். வயலின் கலைஞர்களை ஆராய்ந்த ஆண்டர்ஸ் எரிக்சன் 1993இலேயே, திறமையை வளர்க்கும் பயிற்சி தன்னளவில் இன்பமானதல்ல என்று எழுதினார். ஹார்வர்டில் இயற்பியல் வகுப்புகளை வைத்துச் செய்து 2019இல் வெளியான ஆய்வில், தாங்களே முட்டி மோதிக் கணக்குப் போட்ட மாணவர்கள் அதிகம் கற்றார்கள், ஆனால் வழுக்கிக்கொண்டு போகும் விரிவுரையைக் கேட்டவர்கள்தான் அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள். எனக்கு மிகவும் பயன்பட்டது டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007இல் வெளியிட்ட சிறிய சோதனை. நான்கு விதமான திட வடிவங்களின் கன அளவைக் காணக் கல்லூரி மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் ஒவ்வொரு வகைக் கணக்கையும் மொத்தமாக முடித்துவிட்டு அடுத்த வகைக்குப் போனார்கள். மற்றவர்களுக்கு நான்கும் கலந்து வந்தன. பயிற்சியின்போது வகைவாரியாகப் போட்டவர்கள் 89 விழுக்காடு சரியாகச் செய்தார்கள், கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முன்னவர்கள் 20 விழுக்காடு, பின்னவர்கள் 63. இந்த நான்கு எண்களையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால், எங்கள் தொழில் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது விளங்கும். 89 விழுக்காடு சரியாகச் செய்யும் பிள்ளை மகிழ்ச்சியாக இருக்கும், நிற்காமல் ஆடும், நேரக் கணக்கு மின்னும்.

ஆனாலும் இந்தச் சோதனை லயிப்புக்கு எதிரான தீர்ப்பு என்று நான் படிக்கவில்லை. வகைவாரியாகப் போட்டவர்களின் மனம் என்ன செய்தது என்று பாருங்கள். எந்தச் சூத்திரம் என்று அவர்கள் தேடவே இல்லை, அது முந்தைய கணக்கிலிருந்தே கைக்கு வந்துவிட்டது. எண்களைப் போட்டுப் பெருக்கினார்கள், பெருக்குவதில் தேர்ந்தார்கள். தேர்வு கேட்டதோ எந்த வடிவத்துக்கு எந்த வழி என்று தெரிவுசெய்யும் வேலையை. அந்த வேலையைப் பயின்றவர்கள் கலந்து போட்டவர்கள் மட்டும்தான். சூதாட்ட இயந்திரத்துக்கும் சான்றிதழுக்கும் எலும்புக்கூட்டுக்கும் பொருந்திய அதே விதி இங்கேயும் பொருந்துகிறது: மனம் செய்த வேலைதான் வளர்ந்தது. அப்படியானால் வடிவமைப்பாளரின் கடமை லயிப்பை ஒழிப்பதல்ல, தெரிவுசெய்யும் வேலையிலேயே லயிக்கவைப்பது. அது முடியாத காரியமும் அல்ல. புதிர் விளையாட்டுகள் எல்லாம் அப்படித்தான் வாழ்கின்றன. சதுரங்கம் பழகும் பிள்ளைக்கு இரண்டு நகர்த்தலில் மாட் என்று தலைப்பிட்டுப் புதிர் கொடுத்தால் அது மாட்டைத்தான் தேடும். தலைப்பை எடுத்துவிட்டு, வெட்டுவதா, காப்பதா, காயைப் பலிகொடுப்பதா என்று தெரியாத நிலையில் பலகையைக் கொடுத்தால் ஆட்டத்துக்கு வேண்டிய பார்வை வளரும், பிள்ளை அதிலும் நேரம் தெரியாமல்தான் உட்கார்ந்திருக்கும். எரிக்சன் சொன்ன கசப்பு ஓரளவு எப்போதும் மிஞ்சும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அந்தக் கசப்பைத் தாங்குகிற பிள்ளை, தான் எதைத் தேடுகிறோம் என்று தெரிந்த பிள்ளைதான்.

கடினத்தைத் திறமைக்கு ஈடாக வைக்கவேண்டும் என்ற பகுதியில் மட்டும் கொள்கையும் களமும் அழகாக ஒத்துப்போகின்றன. ரிஷிவேலியில் பிறந்த முறையைத் தழுவி 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்குப் பரவிய செயல்வழிக் கற்றலில், ஒவ்வொரு பிள்ளையும் தன் ஏணியில் தன் படியில் நின்று அட்டையை எடுத்தது. பாடத்தைக் காட்டிலும் பிள்ளையின் இடம் முக்கியம் என்று ஒரு பெரிய அரசு அமைப்பே ஏற்றுக்கொண்டது சாதாரண விஷயமல்ல. வதோதராவில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் வாரம் இரண்டு மணி நேரம், இருவருக்கு ஒரு கணினியாக, தங்கள் நிலைக்கேற்ற கணக்கு விளையாட்டுகளை ஆடியதில் கிடைத்த முன்னேற்றத்தை அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் உடனிருந்தவர்களும் 2007இல் வெளியிட்டார்கள். டெல்லியில் 'மைண்ட்ஸ்பார்க்' மென்பொருளை வைத்துக் கார்த்திக் முரளிதரனும் அபிஜித் சிங்கும் அலெஜாந்த்ரோ கனிமியனும் செய்த ஆய்வு 2019இல் வந்தது. ஆறாம் வகுப்பில் இருக்கும் சராசரிப் பிள்ளை கணக்கில் இரண்டரை வகுப்புப் பின்தங்கியிருந்ததை அது காட்டியது. அந்தப் பிள்ளைக்கு ஆறாம் வகுப்புப் பாடத்தை எந்த வண்ணத்தில் தீட்டிக் கொடுத்தாலும் அதற்குள் நுழைய வழியில்லை. அது நிற்கும் இடத்திலிருந்து தொடங்கிய மென்பொருளோடு நான்கரை மாதத்தில் கணக்கில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. பாதி நேரம் சிறு குழுவாக உதவியாளர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். மென்பொருளின் புகழைப் பாடும்போது அந்த மனிதரை விட்டுவிடுவது நியாயமாகாது.

ஈடாக வைப்பதை இயந்திரத்தனமாகச் செய்தால் அதுவும் திசைமாறும். கணினிக்குச் சொல்லிக்கொடுக்கும் சில எளிய கற்றல் முறைகளில், ஏறக்குறைய 85 விழுக்காடு சரியாக வரும் கடினமே வேகமாகக் கற்க ஏற்றது என்று 2019இல் ஒரு கணிதக் கட்டுரை வந்தது. இரண்டில் ஒன்றைத் தேர்வுசெய்யும் வேலைகளுக்காகச் சொன்னதை எங்கள் தொழிலில் பலர் சகல பாடத்துக்கும் சட்டமாக்கிவிட்டார்கள். பின்னத்தைப் புரிந்துகொள்ளும் குழந்தை ஒரு வாரம் பாதிக்கு மேல் தப்பாகச் செய்துவிட்டு எட்டாம் நாள் சட்டென்று எல்லாவற்றையும் சரியாகச் செய்யக்கூடும். அந்த வாரத்தின் நடுவே செயலி கணக்கை எளிதாக்கிவிட்டால் அந்த எட்டாம் நாள் வராமலே போகும். தப்பாகச் செய்தால் எளிதாகிறது என்பதைக் குழந்தைகளும் மிக விரைவில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். கணிதம் கற்றுத்தரும் மென்பொருளை ரயன் பேக்கரும் அவருடைய கார்னகி மெலன் சகாக்களும் 2004இல் கவனித்தபோது, யோசிக்காமல் குறிப்புப் பொத்தானை அடுத்தடுத்து அழுத்தி விடையை வரவழைக்கும் பிள்ளைகள்தான் குறைவாகக் கற்றார்கள், பக்கத்துப் பிள்ளையோடு பேசி நேரத்தைக் கழித்தவர்களைவிடவும். இது எனக்கு வியப்பாக இல்லை. அவர்களின் மனமும் கடுமையாகத்தான் உழைத்தது, மென்பொருளை ஏமாற்றும் வேலையில். 2010இல் பேக்கர் பங்கேற்ற இன்னோர் ஆய்வு, இந்த ஏமாற்றோடு கூடிப்பிறப்பது சலிப்பு என்றும், எரிச்சலைவிடச் சலிப்புக்கே நாம் அதிகம் அஞ்சவேண்டும் என்றும் காட்டியது. எரிச்சல்படும் குழந்தைக்கு இன்னும் கணக்கின் மேல் அக்கறை இருக்கிறது.

ஆகவே சின்னச் சின்ன இடங்களில் எடுக்கும் முடிவுகள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. ஓடும் கடிகாரம் வைத்தால் கண் கடிகாரத்துக்குப் போகும். சரளம் வேண்டிய கூட்டல் பயிற்சியில் வைக்கலாம், யோசிக்கவேண்டிய கணக்கில் வைக்கக் கூடாது. குறிப்புப் பொத்தான் விடையைச் சொல்லாமல் படத்தை ஒரு கோடு கூட்டிக் காட்டவேண்டும். சரியான விடைக்கு வெடிக்கும் வாணவேடிக்கை தப்பான விடைக்கு வரும் காட்சியைவிட அழகாக இருக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் தப்பான விடையின் காட்சியில் கணக்கு இன்னும் தெளிவாகத் தெரியவேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பேன். அந்தக் காட்சி முடியும்வரை அடுத்த கேள்வி வரக் கூடாது. இந்த இடத்தில் சில நொடி லயிப்பு உடையும், நேர வரைபடத்தில் அது ஒரு பள்ளமாகத் தெரியும். அந்தப் பள்ளத்தை மேடாக்கச் சொல்லித்தான் வடிவமைப்பாளரிடம் வழக்கமாகக் கேட்பார்கள். குழந்தை தான் செய்ததைத் திரும்பிப் பார்க்கிற ஒரே இடம் அதுவாக இருக்கும்போது அதை மூடுவதற்கு நான் சம்மதிப்பதில்லை.

முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளை புத்தகத்தின் பக்கமே திரும்பாதபோது, காசோ நட்சத்திரமோ ஏதோ ஒன்று அதை அரைமணி நேரம் உட்காரவைத்தாலே பெரிய காரியம் இல்லையா என்று ஆசிரியர்கள் கேட்கும்போது எனக்கு உடனே மறுக்க வாய் வராது. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாளாக நிற்பவரின் கேள்வி அது, அதற்கு மரியாதை உண்டு. எனினும் அந்தப் பிள்ளையிடம்தான் நாம் அதிகம் கவனமாக இருக்கவேண்டும். வீட்டில் பணமும் படித்த பெற்றோரும் உள்ள பிள்ளை ஒரு வருடம் காசு பொறுக்கிவிட்டு டியூஷனில் பின்னத்தைக் கற்றுக்கொள்ளும். இந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது அந்த அரைமணி நேரம் ஒன்றுதான். அது உட்கார்ந்தது, திரை மின்னியது, பின்னம் வரவில்லை, கடைசியில் தனக்குக் கணக்கு வராது என்று அதுவே முடிவுகட்டிக்கொள்ளும். புத்தகத்தின் பக்கம் திரும்பாத பிள்ளைக்குத் தேவையானது அது நிற்கும் படியிலிருந்து தொடங்கும் ஒரு வேலை, அதில் தன் கையால் ஒன்று நடந்தது என்ற அனுபவம். எண்கோட்டில் அம்பு பலூனுக்கு அருகில் வந்து குத்துவதும் உட்காரவைக்கும். அதற்கு வடிவமைப்பாளர் கூடுதலாக உழைக்கவேண்டும், வேறு செலவு அதிகமில்லை.

இதையெல்லாம் எப்படிச் சரிபார்ப்பது என்பதற்கு நான் இரண்டு வழிகளை நம்புகிறேன். ஆடி முடித்த குழந்தையிடம், இந்த ஆட்டத்தில் என்ன செய்யவேண்டும் என்று கேட்பது ஒன்று. 'காசு சேக்கணும், டிராகன் வாங்கணும்' என்று பதில் வந்தால் கவனம் எங்கே நின்றது என்று தெரிந்துவிடும். 'நம்பர் மூணால மிச்சமில்லாம போகுதான்னு பாக்கணும்' என்று வந்தால் அதுவும் தெரியும். ஒரு வாரம் கழித்துப் படமும் இசையும் இல்லாத ஒரு தாளில், வகைகள் கலந்து, சில கணக்குகள் கொடுத்துப் பார்ப்பது இரண்டாவது. இது செலவு பிடிக்கும், தானாக எண்ணிக்கொள்ளாது, பல சமயம் நல்ல நேரக் கணக்கு உள்ள விளையாட்டைத் தோற்கடிக்கும். செயலிகளை வாங்கும் பள்ளிகளும் அரசுத் துறைகளும் நிமிடக் கணக்கோடு சேர்த்து இந்தத் தாளையும் கேட்கத் தொடங்கினால் எங்கள் தொழிலின் முகம் மாறிவிடும் என்று நம்புகிறேன். நல்ல பின்ன விளையாட்டு ஒன்றை ஒரு பிள்ளை மூன்று வாரத்தில் ஆடித் தீர்த்துவிட்டுத் திரும்ப வராமல் போகலாம். இன்றைய வரைபடத்தில் அது இழந்த வாடிக்கையாளராகப் பதிவாகிறது, அதை இழுத்துவர அறிவிப்பும் போகிறது. நான் வடிவமைப்பதில் அந்த அறிவிப்பை வைப்பதில்லை. அந்தப் பிள்ளை எந்தெந்தக் கணக்குகளைத் தானே தெரிவுசெய்து போட்டது, எதில் இன்னும் தயங்குகிறது, அடுத்து எங்கே போகலாம் என்ற குறிப்பு ஆசிரியரின் பக்கத்துக்கு மட்டும் போகும்.